யோகனின் குறட்டில் ஓர் அம்புக்குறி

செல்வத்தின் குரல்பதிவு வந்தபோது நான் பர் துபாயில் வண்டி நிறுத்த இடம் தேடி மூன்றாவது முறையாக அதே தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "சார், நம்ம யோகன் அண்ணன் போயிட்டாரு சார். சவூதியில, யான்புவுல. காலையில டியூட்டி பஸ்ஸுக்கு வரிசையில நின்னவரு அப்படியே உக்காந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமே ஓடல சார்." செல்வம் ஹட்டன்காரன். யோகன் துபாயில் இருந்தபோது சத்வா ரூமில் அவருக்குப் பக்கத்துக் கட்டில். நான் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். பின்னால் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் வந்தது, ஐயோ, இனி அவரிடம் சொல்ல முடியாதே என்ற பதைப்புதான். ஐந்து மாதமாக யோகனிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாக்கியம். போன் கையிலேயே இருந்தது. சொல்லவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியன்று கொடுக்கப்போகும் நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் அவர் மனைவி சாந்தி. இதைப் படிக்கிற உங்களில் பலர் துபாயில் எங்கள் பராமரிப்புக் கம்பெனியில் யோகராசா என்கிற யோகனோடு வேலை செய்தவர்கள். அவர் வேலை போன கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கதை தப்பு. ஏன் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் அவர் எப்படி வேலை செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

ஒன்பது வருடத்துக்கு மேல் நாங்கள் ஒன்றாக இருந்தோம். நான் திருச்சிக்காரன், இன்ஜினியர். அவர் வடமராட்சிக்காரர், எலெக்ட்ரீஷியன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவர் என்னை 'சேர்' என்பார். நான் 'யோகன்' என்பேன், வாங்க போங்க என்று. முதல் வாரமே எங்களுக்குச் சண்டை. ஒரு வீட்டில் கூரைப் பலகைக்கு மேலே கம்பி இணைப்பு விட்டுப்போய் ஏசி நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் கீழே நின்று கத்தினேன்: "சும்மா முறுக்கி டேப்பச் சுத்திட்டு இறங்குங்க யோகன், யல்லா!" அவர் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். "டேப்பைக் காயத்துக்கு ஒட்டுங்கோ சேர். இந்த ஊர்ச் சூட்டுக்கு மேல அந்தப் பசை எல்லாம் உருகி வழிஞ்சுபோம். நீங்கள் அவசரமெண்டால் போங்கோ, நான் ஆறுதலா முடிச்சிட்டு வாறன்." சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அந்த ஏசி அதற்குப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை.

அவர் முறை இதுதான். முதலில் மெயின் பெட்டியில் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போடுவார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் தான் தொடப்போகும் கம்பியில் வைப்பார். "டெஸ்டர் செத்திருந்தா அது எல்லாக் கம்பியையும் செத்ததெண்டுதான் சொல்லும்." உறையை இரண்டு கம்பிக்கும் ஒரே அளவாக, செம்பில் கீறல் விழாமல் உரிப்பார். இரண்டையும் சமமாகச் சேர்த்துப் பிடித்து, நுனியைக் குறட்டால் கவ்வி, வலப்பக்கமாக முறுக்குவார். நாங்கள் கட்டிங் பிளேயர் என்பது அவருக்குக் குறடு. நுனியை நறுக்கி, மேலே திருகி மாட்டும் பிளாஸ்டிக் மூடியைப் போடுவார். சைட்டில் அதற்குத் தொப்பி என்று பெயர்.

கடைசியில் ஒன்று செய்வார், உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக இழுப்பார். இழுக்கும்போது அதனிடம் கேட்பார்: "வாறியோ?" வராது. அடுத்ததை இழுத்து, "நீ வாறியோ?" அதுவும் வராது. "சரி, இருங்கோ ரெண்டு பேரும்." பிறகுதான் இணைப்புப் பெட்டியை மூடுவார். எங்கள் ஃபோர்மேன் ரஹ்மத் பாய்க்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் அவரும் கம்பியை இழுத்தால் 'வாறியோ' என்றுதான் கேட்பார். பெஷாவர்க்காரர் வாயில் அதைக் கேட்டு நாங்கள் சிரிக்காத நாளில்லை.

நான் ஒரு தடவை அவரிடம் போய், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். இருபது வருட இன்ஜினியர், கையால் ஒரு கம்பி முறுக்கியதில்லை. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சேருக்குப் பேனைதானே குறடு!" சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோரில் உட்கார்ந்து துண்டுக் கம்பிகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "தொப்பி வலப்பக்கம்தான் திரும்பும். அதால முறுக்கும் வலப்பக்கம் போகோணும். எதிராப் போச்செண்டால், நீங்கள் தொப்பி போடப் போட அது உள்ளுக்க அவிண்டுகொண்டு வரும். வெளியில பார்த்தா ஒண்டும் தெரியாது. இழுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அன்றைக்கு நடந்த இன்னொன்றை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. குறட்டை நான் எடுக்கும்போதெல்லாம் அவர் அதை என் இடக்கையிலிருந்து வாங்கி வலக்கையில் வைத்தார். மூன்று தடவையோ நாலு தடவையோ. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்குப் பூசை போட்டு எடுக்கிற கருவி, அதை இடக்கையால் தொடுவது மரியாதையில்லை என்று நினைக்கிறார் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே. சின்ன வயதில் நான் இடக்கையால் எதையாவது நீட்டினால் அம்மா முட்டியிலேயே போடுவாள். சோறும் எழுத்தும் வலக்கைக்கு வந்தது அந்த அடியில்தான். அதோடு எல்லாமே வலக்கைக்கு வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி அந்தத் தையல்கடை.

சத்வாவில் யோகன் பொறுப்பிலிருந்த கட்டடத்தின் கீழே இருந்தது. நோன்புக் காலம், பெருநாள் தையல் மலைபோல் குவிந்திருந்தது. வெட்டுகிற மேசைக்கு மேலே ஒரு விளக்கு மினுக்கியது. முந்தின வாரம்தான் யோகன் அதற்குப் பக்கத்து விளக்கைச் சரிசெய்திருந்தார். டியூட்டி நேரம் குறைவு என்பதால் ஆட்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கடைக்காரர் போன் போட்டுக் கெஞ்சினார். எனக்கு ஆசை. நாமே போய்ச் செய்துவிட்டு வந்தால் என்ன? போனேன், பிரேக்கரை இறக்கினேன், ஏணியில் ஏறினேன், முறுக்கினேன், தொப்பி போட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தையல்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் கம்பெனியில் இன்ஜினியர் கருவியைத் தொடும் வழக்கமில்லை, வேலைச் சீட்டில் அவனுக்கு இடமும் கிடையாது. அதனால் சீட்டில் யோகன் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவரிடம் பெருமை அடித்தேன். "நேத்து நானே முறுக்கிட்டேன் யோகன்!" அவர் சந்தோஷப்பட்டார். உடனே கேட்டார்: "இழுத்துப் பார்த்தனீங்களோ சேர்? வாறியோ எண்டு கேட்டனீங்களோ?"

"கேட்டேனே. வர மாட்டேன்னுடுச்சு!" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் இழுத்துப் பார்க்கவில்லை. விளக்கு எரிந்த சந்தோஷத்தில் மறந்துபோனேன். மறந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே போய்ப் பார்த்திருப்பார். இரண்டு நிமிட வேலை.

பெருநாள் கழிந்து சில வாரத்தில் அந்தக் கூரை புகைந்தது. பலகை எரிந்து மேசைமேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, அது எங்கள் எல்லோருக்கும் கிடைத்த பிச்சை. ஆனால் தைத்து மாட்டியிருந்த துணியில் பாதி போயிற்று. கடைக்காரர் கருகிப்போன ஒரு கல்யாண உடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று அழுதார். இடிபாட்டில் இரண்டு விளக்குகளின் இணைப்புப் பெட்டிகளும் கிடைத்தன. ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்று கரி. கரிந்த பெட்டிக்குள்ளே முறுக்கு இடப்பக்கமாக, எதிராகப் போயிருந்தது.

இரண்டு பெட்டியில் ஒன்று யோகனுடையது, ஒன்று என்னுடையது. எது எது என்று அந்தக் குப்பையில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு சீட்டிலும் யோகன் பெயர். நான் ஒன்றை முறுக்கினேன் என்பது கம்பெனியில் யோகனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், கடையில் யாரும் விசாரிக்கவில்லை. நான் எனக்குள்ளேயே கணக்குப் போட்டேன். யோகன் வலப்பக்கம் என்று சொல்லித்தந்தார், நான் வலப்பக்கம்தான் முறுக்கியிருப்பேன், அப்படியென்றால் நல்ல பெட்டி என்னுடையது. வாத்தியாருக்கே கை தப்பிவிட்டது. இது முழுப் பொய்யில்லை, நான் அதை நம்பினேன். ஆனால் நம்ப வேண்டும் என்று எவ்வளவு அவசரப்பட்டேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

ரஹ்மத் பாய் கரிந்த கம்பியைப் பார்த்த உடனே தலையாட்டினார். "யோகன் உல்ட்டா நஹி கர்தா, சாப்." யோகன் எதிராக முறுக்குகிறவர் இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யோகனை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். அவர் கம்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ர முறுக்கில்லை சேர்."

"அப்ப என்னுதா?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. "நான் இழுத்துப் பாத்துட்டுத்தான வந்தேன்!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசைமேல் சும்மா கிடந்த என் இடக்கையைப் பார்த்தார். கம்பியை மேசைமேல் வைத்தார். "சீட்டில ஆற்ற பேர் கிடக்கோ, அதையே எழுதுங்கோ சேர்" என்றார். எழுதினேன். விபத்து ரிப்போர்ட்டில், வலக்கையால், அழகான கையெழுத்தில். அந்த ஒரு தாளில் அவர் விசா ரத்தாயிற்று.

விமானத்துக்குக் கிளம்புகிற அன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அந்தக் குறட்டை என்னிடம் நீட்டினார். அதன் மூக்கில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்டால், வலப்பக்கம் காட்டுகிற ஒவ்வோர் அம்புக்குறி புதிதாக வரைந்திருந்தது. "சேர், இனிக் கம்பி முறுக்கேக்க இதைப் பார்த்து முறுக்குங்கோ." நான் அதை என்ன நினைத்தேன் தெரியுமா? தன் தப்பை ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அட, பெரிய மனசுக்காரனாட்டம் தோளில் தட்டி அனுப்பினேன்!

அவர் ஊரில் நாலு மாதம் சும்மா இருந்தார். துபாய்க் கம்பெனிகள் எதுவும் எடுக்கவில்லை, அந்த ரிப்போர்ட் கூடவே போயிற்று. பிறகு யான்புவில் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குப் போனார். அங்கிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு மெசேஜ் வரும். "சாப்பிட்டீங்களோ சேர்? பிள்ளை படிக்கிறாவோ?" இவ்வளவுதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் என் மகள் தாரிணியின் அறையில் விளக்கு கெட்டது. யோகனின் குறட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினேன். கீழே அவள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று சிரித்தாள். "அப்பா! யூ ஆர் எ லெஃப்டி! எனக்குத் தெரியவே தெரியாது!"

குனிந்து பார்த்தேன். குறடு என் இடக்கையில் இருந்தது. நான் முறுக்கியிருந்த செம்பு, இடக்கை இழுத்த வாட்டத்தில், இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அதற்கு நேர் எதிராக, அந்த வெள்ளை அம்புக்குறி வலப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் அடி சோற்றுக்கும் எழுத்துக்கும் மட்டும்தான் எட்டியிருக்கிறது. குறடு பிடிக்கிற கையை யாரும் அடித்துத் திருத்தவில்லை. யோகன் ஒருவர்தான் திருத்தப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல். நாற்காலியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பா, ஷாக் அடிச்சுதா?" என்று தாரிணி பதறினாள்.

அன்றே போன் போட்டிருக்க வேண்டும். நம்பரை எடுத்தேன், வைத்தேன். வெள்ளிக்கிழமை அவர் மெசேஜ் வந்தது. 'யோகன், அந்தக் கம்பி என்னுடையது' என்று எழுதி அழித்துவிட்டு, 'சாப்பிட்டேன், நீங்க?' என்று அனுப்பினேன். மறு வெள்ளியும் அதே. சொன்னால் கம்பெனியிலும் சொல்ல வேண்டும். என் வேலை, விசா, தாரிணியின் பொதுத்தேர்வு என்று ஒவ்வொன்றாகக் காரணம் வந்தது. பரீட்சை முடியட்டும், அவர் லீவில் துபாய் வழியாகப் போகும்போது நேரில் காலைப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். கோழை என்றால் வேறு யாருமில்லை, நான்தான்.

யான்புவிலிருந்து அவர் உடல் வடமராட்சிக்குப் போய்ச் சேரப் பதினோரு நாளாயிற்று. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் சாந்திக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எங்களுக்குத் தெரியும் சேர்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"அவர் வந்த அண்டைக்கே சொன்னவர். அது சேரின்ர முறுக்கு, அவர் இடக்கைக்காரன், அது அவருக்கே தெரியாது எண்டு. நான் சண்டை பிடிச்சனான், ஏன் நீங்கள் அங்க சொல்லேல்லை எண்டு. அவருக்குத் தெரியாததை நான் சொல்லி என்னெண்டு நம்புவார், நான் தப்பிக்கக் கதைக்கிறன் எண்டெல்லோ நினைப்பார் எண்டவர். அவை அங்க பிள்ளையோட குடும்பமா இருக்கினம் எண்டும் சொன்னவர். குறட்டில கீறிக் குடுத்திருக்கிறன், ஒருநாளைக்கு அவரே கண்டுபிடிப்பார், கண்டுபிடிச்ச அண்டைக்கே போன் எடுப்பார், அவர் அப்பிடியான மனிசன் எண்டு சொன்னவர்." மேலும் சொன்னார்: "ஒவ்வொரு வெள்ளியும் உங்களுக்கு மெசேஜ் போட்டிட்டு, பதில் வருகுதோ எண்டு பார்த்துக்கொண்டிருப்பாராம். இன்னும் கண்டுபிடிக்கேல்லைப் போல எண்டு எனக்குச் சொல்லுவார். எப்ப சேர் கண்டுபிடிச்சனீங்கள்?"

ஐந்து மாதமாயிற்று என்று சொன்னேன். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குறட்டைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "வேண்டாம். அது உங்களுக்கெண்டு கீறினது, உங்களிட்டையே இருக்கட்டும்" என்றார். பிறகு சொன்னார்: "என்னட்டச் சொன்னதை மலரில எழுதுங்கோ. இங்க பள்ளிக்கூடத்தில ஆரோ மகள் யாழினியிட்டக் கேட்டிருக்கினம், உன்ர அப்பா துபாயில கடை எரிச்சுப்போட்டுத்தானே வந்தவர் எண்டு. அவள் அவரிட்டக் கேட்டவள். அவர் சிரிச்சுப்போட்டு எழும்பிப் போயிட்டார். அவளுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

போன வாரம் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டார்கள். என்னை என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை. சத்வாவுக்குப் போய்த் தையல்கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, யோகன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

யோகனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் குறடு ஒன்றுதான். மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுக்கும்போது இன்னமும் இடக்கைதான் முந்துகிறது. வலக்கைக்கு மாற்றிக்கொள்கிறேன். இப்போது மாற்றிவைக்க அவர் இல்லை.

யாழினி, நீ உன் அப்பாவிடம் கேட்டாயே, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். உன் அப்பா எந்தக் கடையையும் எரிக்கவில்லை அம்மா. அந்தக் கம்பியை முறுக்கியது நான். இழுத்துப் பார்த்தீர்களா என்று அவர் என்னைக் கேட்டார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அவர் நம்பினார்.